செல்போன் டவரிலும் ஒரு கோட்டா

சாயங்கால நேரத்தில் கடற்கரை–செங்கல்பட்டு மின்சார ரயிலில் நின்றுகொண்டே போன் பேசிப் பழகியவர்களுக்கு இரண்டு தொல்லைகள் நன்றாகத் தெரிந்திருக்கும். நம்பரை அழுத்தியதுமே, எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் இருக்கின்றன, கொஞ்ச நேரம் கழித்து முயற்சி செய்யுங்கள் என்று பதிவு செய்த குரல் சொல்வது ஒன்று. அம்மா ஏதோ முக்கியமான விஷயத்தை ஆரம்பித்து, பாதி வாக்கியத்தில் லைன் அறுந்துபோவது இன்னொன்று. முதலாவதை ஒரு ‘ச்சே’யோடு விட்டுவிடுவோம். இரண்டாவதற்குத்தான் வாயில் நல்ல வார்த்தை வராது.

இரண்டும் வெவ்வேறு கோளாறுகள் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சிக்னல் கெட்டுப்போய் அறுவது தனிக் கதை. அதை இங்கே விட்டுவிடுவோம். டவரில் இடம் இல்லாததால் வரும் தொல்லைகளை மட்டும் எடுத்துக்கொண்டால், இரண்டும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள். ஒன்று இறங்கினால் மற்றது ஏறும். முள்ளை எங்கே நிறுத்துவது என்று யாரோ ஓர் எஞ்சினியர் முன்கூட்டியே முடிவு செய்துவைத்திருக்கிறார். அந்த முடிவுக்குத் துறைக்குள் ‘கால் அட்மிஷன் கண்ட்ரோல்’ என்று பெயர். வாசலில் வந்து நிற்கும் அழைப்புகளில் எதை உள்ளே விடுவது, எதைத் திருப்பி அனுப்புவது என்கிற வேலை. இனிமேல் வரப்போகிறவர்களுக்காகக் கொஞ்சம் இடத்தை முன்னாலேயே எடுத்து வைப்பது ‘பேண்ட்விட்த் ரிசர்வேஷன்’. ரயில்வேயின் எமர்ஜென்சி கோட்டாவைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. வண்டி நிரம்பிவிட்டது என்று கவுன்டரில் சொல்வார்கள். ஆனாலும் உள்ளே சில பெர்த்துகள் யாருக்காகவோ காத்திருக்கும்.

இடம் என்றால் எவ்வளவு இடம்? இதைப் புரிந்துகொள்ளப் பழைய 2ஜிதான் வசதி, அங்கே இடத்தை விரல்விட்டு எண்ணலாம். 2ஜி வகையான ஜிஎஸ்எம்மில் ஒரு கேரியரின், அதாவது ஓர் அலைவரிசைத் துண்டின், அகலம் 200 கிலோஹெர்ட்ஸ். அதை நேரவாரியாக எட்டுத் துண்டு போட்டு, பேசுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு கொடுப்பார்கள். ஒரு துண்டு 577 மைக்ரோ நொடி. எட்டும் ஒரு சுற்று வர 4.615 மில்லி நொடி. எட்டில் ஒன்று டவரின் சொந்த வேலைக்கு, அதாவது கட்டுப்பாட்டுச் செய்திகளுக்குப் போய்விடும். மிச்சம் ஏழு. ஆக ஒரே சமயத்தில் ஏழு பேர் பேசலாம். எட்டாவது ஆள் வந்தால் அந்தப் பதிவு செய்த குரல்தான் பதில் சொல்லும்.

இந்த ஏழை வைத்துக்கொண்டு எத்தனை பேரைச் சமாளிக்கலாம் என்ற கேள்விக்குச் செல்போன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே விடை கிடைத்துவிட்டது. டென்மார்க்கில் பள்ளிகளில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆக்னர் கிராருப் எர்லாங் என்பவர் 1908-இல் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் சேர்ந்தார். 1909-இல் தொலைபேசிப் பேச்சுகளை நிகழ்தகவுக் கணிதத்தால் அளக்கும் முதல் கட்டுரையை வெளியிட்டார். 1917-இல் வந்தது, இன்றும் நெட்வொர்க் திட்டமிடுகிறவர்கள் கையில் வைத்திருக்கும் சூத்திரம். போக்குவரத்தை அளக்கும் அலகுக்கே அவர் பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு லைன் ஒரு மணி நேரம் இடைவிடாமல் பேச்சில் இருந்தால் அது ஓர் எர்லாங். இரண்டு நிமிஷப் பேச்சுகள் முப்பது சேர்ந்தாலும் ஓர் எர்லாங்தான்.

ஏழு லைன் இருக்கிறதே, ஏழு எர்லாங் ஏற்றிவிடலாமே என்று தோன்றும். முடியாது. கல்யாண வீட்டில் நூறு இலை போட இடம் இருந்தால் நூறு பேர் சாப்பிடலாம்தான். ஆனால் அழைப்புகள் பந்திக்கு வரிசையாக உட்காருவதில்லை. ஒரு நிமிஷம் யாரும் வர மாட்டார்கள், அடுத்த நிமிஷம் பத்துப் பேர் ஒன்றாக வருவார்கள். நூற்றுக்கு இரண்டு அழைப்புக்கு மேல் திருப்பி அனுப்பக்கூடாது என்று வைத்துக்கொண்டால், ஏழு லைனில் ஏற்றக்கூடியது 2.94 எர்லாங் மட்டும். மணிக்குச் சுமார் 88 இரண்டு நிமிஷப் பேச்சுகள். அதாவது பாதிக்கு மேல் இடம் சராசரியாகச் சும்மாதான் கிடக்கும்.

லைன்களை இரட்டிப்பாக்கி 14 ஆக்கினால் 8.2 எர்லாங் ஏற்றலாம், மணிக்கு 246 பேச்சு. இடம் இரண்டு மடங்கு, சுமை ஏறக்குறைய மூன்று மடங்கு. பெரிய தொட்டியில் அலை குறைவு என்கிற இந்த விஷயத்தால்தான், அலைக்கற்றையைத் துண்டு துண்டாக நாலு கம்பெனிக்குக் கொடுப்பதைவிட ஒரே தொட்டியாக வைத்திருப்பது லாபம் என்று எஞ்சினியர்கள் முணுமுணுப்பார்கள். போட்டி வேண்டும் என்கிறவர்கள் அதற்கு வேறு பதில் சொல்வார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.

ஓடி வரும் அழைப்பு

எர்லாங் காலத்து போன் சுவரில் ஆணியடித்து மாட்டியது. பேச ஆரம்பித்தவர் அங்கேயே நின்று பேசி முடிப்பார். ரயிலில் போகிற போன் அப்படியில்லை. ஒரு டவரின் எல்லை முடிந்து அடுத்த டவரின் எல்லைக்குள் நுழையும்போது அங்கே அதற்கு ஓர் இடம் வேண்டும். இந்தக் கைமாற்றலுக்குத்தான் ஹேண்ட்ஓவர் என்று பெயர். அடுத்த டவரில் அந்த நொடியில் 14-உம் நிரம்பியிருந்தால் அம்மாவின் குரல் அறுந்துபோகும்.

அப்படியானால் புதிதாக அழைப்பவருக்குக் கொஞ்சம் முன்னாலேயே கதவைச் சாத்திவிட்டு, கடைசி ஒன்றிரண்டு இடங்களை ஓடி வருகிறவர்களுக்கு மட்டும் வைத்திருந்தால் என்ன? இந்த யோசனையை ஒழுங்காகக் கணக்குப் போட்டுக் காட்டியது டேஹியங் ஹாங், ஸ்டீபன் ராப்பபோர்ட் இருவரும் 1986-இல் எழுதிய கட்டுரை. அந்த ஒதுக்கிய இடத்துக்கு ‘கார்டு சேனல்’, காவல் தடம் என்று பெயர் நிலைத்துவிட்டது.

அதன் பலன் எவ்வளவு என்று பார்க்க எர்லாங் முறையிலேயே ஒரு சின்னக் கணக்குப் போட்டேன். டவரில் 14 லைன். மொத்தச் சுமை 8 எர்லாங். அதில் 6 புதிய அழைப்புகள், 2 பக்கத்து டவர்களிலிருந்து ஓடி வருபவை. எதையும் ஒதுக்காமல் விட்டால் இரு தரப்புக்கும் ஒரே கதி: புதியவர் ஆயிரம் பேரில் 17 பேருக்கு இடமில்லை, ஓடி வருபவர் ஆயிரம் பேரிலும் 17 பேருக்கு இடமில்லை. ஒரே ஒரு லைனை ஒதுக்கினால் திருப்பி அனுப்பப்படும் புதியவர்கள் 35 ஆகிறார்கள். அறுபடுபவை நாலாகக் குறைகின்றன. இரண்டு லைனை ஒதுக்கினால் 60 பேருக்குக் கதவு சாத்தப்படுகிறது. அறுபடுவது ஆயிரத்துக்கு ஒன்று.

ஆயிரத்துக்குப் பதினேழு என்பதைச் சின்ன எண் என்று நினைத்துவிட வேண்டாம். தாம்பரத்தில் ஆரம்பித்த பேச்சு முடிவதற்குள் நாலு எல்லை தாண்டுகிறது என்றால், ஒவ்வொரு எல்லையிலும் அந்தப் பதினேழு காத்திருக்கிறது. கூட்டிப் பார்த்தால் நூற்றுக்கு ஆறு ஏழு பேச்சு முழுசாக முடியாது. இரண்டு லைனை ஒதுக்கிய டவர்கள் வழியாகப் போனால் அதே பயணத்தில் இருநூற்றுக்கு ஒன்றுகூட அறுவதில்லை. அதற்கான விலையை, பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு போனைக் காதில் வைத்துக்கொண்டிருக்கும் வேறு யாரோ கொடுக்கிறார்கள். அவருக்கு இது தெரியவே தெரியாது. டவரில் இரண்டு இடம் காலியாக இருக்கும்போதுதான் அவருக்கு இடமில்லை என்று பதில் வந்தது.

ஒன்றா இரண்டா என்பதற்கு நடுவிலும் வழி இருக்கிறது. ஐஐடி மெட்ராஸில் படித்துவிட்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போன ராமச்சந்திரன் ரம்ஜீ, தன் சகாக்களான டான் டவ்ஸ்லி, ரமேஷ் நாகராஜன் ஆகியோரோடு தொண்ணூறுகளின் நடுவில் இதைக் காட்டினார். எல்லைக்கோட்டில் இருக்கும் லைனை முழுசாக ஒதுக்கவும் வேண்டாம், முழுசாகத் திறக்கவும் வேண்டாம். புதிய அழைப்பு வரும்போது காசைச் சுண்டிப் போடுங்கள். தலை விழுந்தால் உள்ளே, பூ விழுந்தால் வெளியே. காசின் சாய்வை எவ்வளவு வைப்பது என்பதுதான் கணக்கு. அறுபடுவது இந்த அளவைத் தாண்டக்கூடாது என்று கண்டிப்பாக ஒரு வரம்பு வைத்துவிட்டு, அதற்குள் புதியவர்களை முடிந்தவரை அதிகம் சேர்க்க வேண்டுமானால் இந்தச் சுண்டிப்போடும் முறையை மிஞ்ச முடியாது என்று நிரூபித்திருக்கிறார்கள். கேட்கச் சூதாட்டம் மாதிரி இருக்கும். ஆனால் அரை லைனை ஒதுக்க வேறு வழியும் கிடையாது.

இவ்வளவு அழகான கணக்குக்கு ஓர் ஓட்டை உண்டு. அழைப்புகள் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வருகின்றன என்ற நம்பிக்கைமேல்தான் எல்லாமே நிற்கிறது. மின்சார ரயில் அந்த நம்பிக்கையை நொடியில் உடைத்துவிடும். ஆயிரக்கணக்கான பேரை அடைத்துக்கொண்டு வண்டி எல்லையைத் தாண்டும்போது, பேசிக்கொண்டிருக்கும் அத்தனை பேரும் சில நொடிகளுக்குள் ஒரே டவரின் வாசலில் வந்து நிற்கிறார்கள். இரண்டு காவல் தடம் அங்கே யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அதனால் யார் எங்கே போகிறார்கள் என்று முன்கூட்டியே ஊகித்து ஒதுக்கினால் என்ன என்று கேட்டார்கள். 1997-இல் லெவின், அக்யில்டிஸ், நக்ஷினே மூவரும் எழுதிய ‘நிழல் கூட்டம்’ என்ற முறை இந்த வகையில் பேர்பெற்றது. போகும் போனுக்கு முன்னால் அதன் நிழல் மாதிரி அக்கம்பக்கத்து டவர்களில் அதன் தேவை விழுகிறது. போகும் திசையில் நிழல் அடர்த்தியாக, மற்ற பக்கம் லேசாக. ரயில் பாதையிலும் நெடுஞ்சாலையிலும் இது சுலபம், முன்னால் போகும் இல்லை பின்னால் போகும், அவ்வளவுதான். ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒருவர் அடுத்து எந்தப் பக்கம் திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. சுற்றியுள்ள ஆறு டவரிலும் ஒதுக்கி வைத்தால் ஐந்து வீண்.

ஒரு ரூபாய் அபராதம்

தராசு முள்ளை எங்கே வைப்பது என்பதில் அரசாங்கத்துக்கும் பங்கு உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் தர விதிகளில் 2ஜி காலத்திலிருந்தே இரண்டு எண்களும் இருந்தன: இடமில்லாமல் திருப்பப்படும் அழைப்பு 2 சதவீதத்துக்குள், அறுபடும் அழைப்பும் 2 சதவீதத்துக்குள். இரண்டு தட்டுக்கும் ஒரே எடைக்கல். காதில் விழுகிற எரிச்சலை வைத்துப் பார்த்தால் இது சரியில்லை என்பது என் எண்ணம். திருப்பி அனுப்பப்படும் ஐந்து அழைப்புக்கு ஈடாகும், பாதியில் அறுபடும் ஓர் அழைப்பு.

டிராய்க்கும் அப்படித் தோன்றியதோ என்னவோ, 2015-இல் ஒரு விதி கொண்டுவந்தது. 2016 ஜனவரி 1 முதல், அறுபடும் ஒவ்வோர் அழைப்புக்கும் வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய், ஒரு நாளைக்கு அதிகபட்சம் மூன்று ரூபாய். கம்பெனிகள் நீதிமன்றத்துக்குப் போயின. 2016 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. தவறு யார் பக்கம் என்று பார்க்காமல் எல்லா அறுபடலுக்கும் தண்டம் கட்டச் சொல்வது நியாயமில்லை என்பது தீர்ப்பின் சாரம். விதி நிலைத்திருந்தால் டவர்களில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். அறுந்தால் ஒரு ரூபாய், திருப்பி அனுப்பினால் செலவில்லை என்றால் எந்தக் கணக்காளரும் காவல் தடத்தை ஒன்று கூட்டத்தான் சொல்வார். அறுபடுவது குறைந்திருக்கும். பதிவு செய்த குரலுக்கு வேலை கூடியிருக்கும்.

இடத்தை எண்ண முடியாதபோது

3ஜி வந்ததும் விரல்விட்டு எண்ணும் வசதி போய்விட்டது. 5 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில், ஆளுக்கொரு குறியீட்டில் பேசினார்கள். கூட்டமான அறையில் எல்லோரும் ஒன்றாகப் பேசுகிற மாதிரி. இன்னொருவர் வந்தால் இடமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லோருமே குரலைக் கொஞ்சம் உயர்த்த வேண்டியிருக்கும். டவரின் பாதித் திறன் நிரம்பும்போது இரைச்சல் 3 டெசிபல் கூடும், முக்கால் நிரம்பினால் 6, பத்தில் ஒன்பது பங்கு நிரம்பினால் 10. அதற்கப்புறம் செங்குத்தாக ஏறும். ஆகவே இரைச்சலில் ஒரு கோடு கிழித்து, அதைத் தாண்ட வைக்கும் புதிய ஆளைத் திருப்பி அனுப்பினார்கள். இரைச்சல் ஏற ஏற, தூரத்தில் இருப்பவரின் குரல் டவருக்கு எட்டாமல் போகும். டவரின் எல்லையே சுருங்கும். ராத்திரி மறுபடி விரியும். டவர் மூச்சுவிடுகிறது என்று இதற்குப் பேர் வைத்தார்கள்.

பிராட்பேண்ட் வந்தபோது இன்னொரு சிக்கல் சேர்ந்தது: ஆளாளுக்கு வேறு வேறு அளவில் இடம் வேண்டும். ஒரு குரல் அழைப்புக்கு நொடிக்குப் பத்துப் பதினைந்து கிலோபிட் போதும். வீடியோவுக்கு அதைப்போல நூறு மடங்குக்கு மேல் கேட்கும். வெப் பக்கத்துக்கு அளவே கிடையாது, கொடுத்ததை வாங்கிக்கொள்ளும், கொடுக்காவிட்டால் காத்திருக்கும். குரலுக்குக் காத்திருக்கத் தெரியாது. கால் நொடி தாமதித்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ‘ஹலோ ஹலோ’ என்பார்கள்.

இதற்கு ரொம்ப யோசித்து விடை எழுதியது வைமேக்ஸ். இன்று அந்தப் பெயரே பலருக்கு மறந்திருக்கும். 802.16 என்ற எண் கொண்ட கம்பியில்லா பிராட்பேண்ட் தரநிலை. 2001-இல் அங்கீகாரம் பெற்றது, நகரும் போன்களுக்கான 802.16ஈ வடிவம் 2005-இல். தென்கொரியாவில் 2006-இல் வைப்ரோ என்ற பெயரிலும், அமெரிக்காவில் 2008-இல் பால்டிமோரிலும் சேவை தொடங்கியது. இந்தியாவில் பிஎஸ்என்எல் கொஞ்ச காலம் நடத்தியது. நாம் 4ஜி என்று சொல்லும் எல்டிஇ வந்து எல்லாவற்றையும் துடைத்துப்போட்டுவிட்டது.

தோற்றுப்போன தொழில்நுட்பம்தான். ஆனால் இந்த இட ஒதுக்கீட்டு விஷயத்தில் அது எழுதிவைத்த அளவுக்கு வெளிப்படையாக வேறு எதுவும் எழுதவில்லை என்பேன். வருகிறவர்களை அது ஐந்து வரிசையாகப் பிரித்தது. முதல் வரிசைக்குக் கேட்கவே வேண்டாம், தவணை தவறாமல் இடம் வந்துகொண்டே இருக்கும்; குத்தகை லைன் மாதிரி. இரண்டாவது, குரலுக்கென்றே 802.16ஈ சேர்த்தது. பேச்சில் ஒருவர் பேசும்போது மற்றவர் சும்மா இருக்கிறார். அந்த மௌனத்துக்கும் இடம் கொடுத்து வீணாக்குவானேன், பேசும்போது மட்டும் கொடுப்போம் என்று. மூன்றாவது, அளவு கூடிக் குறையும் வீடியோ. நான்காவது, தாமதம் பரவாயில்லை ஆனால் குறைந்தபட்ச வேகம் வேண்டும் என்கிற டவுன்லோடு. ஐந்தாவது, மிச்சம் இருந்தால் சாப்பிடும் வரிசை. நம் இணையத்தில் பெரும்பகுதி இந்த ஐந்தாவதுதான்.

எனக்குப் பிடித்தது, ஓர் இணைப்புக்கு அது வைத்த மூன்று நிலைகள். முதலில், இவருக்கு இவ்வளவு கொடுக்கலாம் என்ற அனுமதி ஏட்டில் இருக்கும். நீங்கள் நம்பரை அழுத்தி மறுமுனையில் மணி அடிக்க ஆரம்பித்ததும் டவர் உங்களுக்கான இடத்தை எடுத்து வைக்கும், ஆனால் கையில் கொடுக்காது. மறுமுனையில் எடுத்து ‘ஹலோ’ சொன்ன பிறகுதான் இடம் உங்களுடையது. நடுவே உள்ள அந்தப் பத்து, இருபது நொடியில் உங்கள் இடத்தை ஐந்தாவது வரிசைக்காரர் யாராவது உபயோகித்துக்கொள்ளலாம். ஹலோ சொன்னதும் அவர் எழுந்துவிட வேண்டும். யாரும் எடுக்காவிட்டால் நேரம் முடிந்ததும் ஒதுக்கீடு தானாகக் கலையும். 14 லைனில் இரண்டைப் பூட்டி வைத்திருந்த காலத்திலிருந்து இது பெரிய தாண்டல். ஒதுக்கவும் செய்யலாம், காலியாகவும் விட வேண்டாம். கோட்டா பெர்த்தில் அதுவரை இன்னொருவர் படுத்திருக்கலாம், அவ்வளவுதான்.

நடுவில் உள்ள மூன்று வரிசை இணைப்புகளுக்கும் இரண்டு வேகங்களை எழுதச் சொன்னது: அதிகபட்சம் இவ்வளவு, இதற்குக் கீழே இறங்கக்கூடாது என்று குறைந்தபட்சம் இவ்வளவு. கூட்டம் வந்தால் எல்லோரையும் குறைந்தபட்சத்துக்கு இறக்கி இன்னும் சிலரை ஏற்றலாம். ஆர்ஏசி தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல; ஒரு பெர்த்தில் இரண்டு பேர் உட்கார்ந்து போவது, யாராவது இறங்கினால் காலை நீட்டுவது.

இத்தனையும் எழுதிய தரநிலை ஒன்றை மட்டும் எழுதவில்லை. வாசலில் ஒருவர் வந்து நின்று இவ்வளவு வேண்டும் என்று கேட்டால், சரி என்றும் இல்லை என்றும் சொல்வதற்கான செய்தி வடிவங்கள் ஒவ்வொரு பிட்டாக வரையறுக்கப்பட்டிருந்தன. எப்போது சரி, எப்போது இல்லை? அது கருவி செய்கிறவர் பாடு என்று விட்டுவிட்டார்கள். அந்த வெற்றிடத்தில்தான் ஆராய்ச்சிக் கட்டுரைகள் கொட்டின. நம்மூர் எம்.ஈ. புராஜெக்டுகளுக்கும் அதில் பங்கு உண்டு. சிமுலேஷனில் ஒரு புது விதி, பழைய விதியைவிடக் கொஞ்சம் மேலே போகும் ஒரு கோடு, முடிந்தது.

ஆனால் நிஜத்தில் அந்தக் கேள்வி சாதாரணமானதல்ல. டவருக்குப் பக்கத்தில் இருக்கும் போனுக்கு ஒரு சிம்பலில், அதாவது ஒரு தடவை அனுப்பும் அலைத் துணுக்கில், 6 பிட் ஏற்றி அனுப்பலாம். எல்லையில் இருக்கும் போனுக்கு 2 பிட்தான் ஏறும், பிழைதிருத்தத்துக்குச் சேர்க்கும் பிட்டுகளும் அதிகம். ஆகவே ஒரே அளவுக் குரல், டவரடியில் பேசினால் ஒரு பங்கு இடம் எடுக்கும். ஊர்க்கோடியில் பேசினால் மூன்று பங்கோ அதற்கு மேலோ எடுக்கும். உள்ளே விடும்போது பக்கத்தில் இருந்தவர் பேசிக்கொண்டே எல்லைக்கு நடந்துபோனால்? ஒரு பெர்த் டிக்கெட்டில் ஏறியவர் வழியில் மூன்று பெர்த் அளவுக்குப் பெருத்துவிடுகிறார். இறக்கிவிடவும் முடியாது. இதற்கும் சேர்த்துக் கொஞ்சம் இடம் மிச்சம் வைத்திருந்தால்தான் உண்டு.

இன்றைய வரிசை

எல்டிஇயும் 5ஜியும் இதே கருத்தை வேறு பெயர்களில் எடுத்துக்கொண்டன. 4ஜி போனை ஆன் செய்ததுமே ஒரு பொதுக் குழாய் கிடைக்கிறது. வாட்ஸ்அப், ரீல்ஸ் எல்லாம் அதில்தான். அதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை. வோல்டிஇ அழைப்பு, அதாவது 4ஜி வழியாகவே போகும் சாதாரணக் குரல் அழைப்பு, செய்யும்போது மட்டும் பக்கத்தில் ஒரு சின்னக் குழாய் தனியாகத் திறக்கும். அதற்கு வகை எண் 1: வேக உத்தரவாதம் உண்டு, தாமதம் 100 மில்லி நொடிக்குள், நூறு பாக்கெட்டில் (டேட்டாத் துணுக்கில்) ஒன்றுக்கு மேல் தொலையக்கூடாது. பொதுக் குழாயின் வகை எண் பெரும்பாலும் 9, அங்கே தாமதம் 300 மில்லி நொடி வரை போகலாம். ஜியோ 2016 செப்டம்பர் 5-இல் வந்தபோது அதனிடம் 2ஜி, 3ஜி எதுவும் கிடையாது. குரல் முழுவதும் இந்தச் சின்னக் குழாயை நம்பித்தான் போனது. ஒரே போனில் வாட்ஸ்அப் அழைப்பு கரகரத்துக்கொண்டிருக்கும்போது சாதாரண அழைப்பு தெளிவாகக் கேட்டால் காரணம் இதுதான். முன்னது ஒன்பதாம் எண் வரிசை, பின்னது ஒன்றாம் எண்.

அந்தச் சின்னக் குழாயோடு இன்னோர் எண்ணும் ஒட்டி வரும், 1 முதல் 15 வரை. அதோடு இரண்டு கேள்விகளுக்குப் பதில்: இடமில்லாதபோது இவர் இன்னொருவரை எழுப்பலாமா? இன்னொருவர் வந்தால் இவரை எழுப்பலாமா? உள்ளே விடுவதா வேண்டாமா என்பது இந்த எண்ணைப் பார்த்து முடிவாகிறது. உள்ளே வந்தபிறகு இதற்கு வேலை குறைவு. வாசலில்தான் இது பேசும். யாருக்கு எந்த எண் என்பதைத் தரநிலை சொல்லவில்லை. கம்பெனி முடிவு செய்கிறது, வாடிக்கையாளருக்குக் காட்டுவதும் இல்லை. மாதக் கட்டணத்தையும் ஜிபி கணக்கையும் கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள் இந்த எண்ணை விளம்பரத்தில் போட்டால் நன்றாயிருக்கும். 5ஜியில் நெட்வொர்க்கையே துண்டு துண்டாக வெட்டித் தனித்தனிக் கோட்டாவாக விற்க முடியும் என்னும்போது இன்னும் நன்றாயிருக்கும்.

நெட்வொர்க் நிஜமாகவே நிரம்பி வழிந்த நாளில் என்ன நடக்கிறது? 2011 மார்ச் 11, பிற்பகல் 2.46. ஜப்பானின் தோஹோகு கடலில் நிலநடுக்கம். நாடு முழுக்க எல்லோரும் ஒரே சமயத்தில் வீட்டுக்குப் போன் போட்டார்கள். காவல் தடம், ஆர்ஏசி எதுவும் இந்த வெள்ளத்துக்குத் தாங்காது. கம்பெனிகள் குரல் அழைப்புகளில் 70 முதல் 95 சதவீதம் வரை வாசலிலேயே தடுத்தன. டேட்டாவை அந்த அளவுக்குத் தடுக்கவில்லை. அதிகபட்சம் 30 சதவீதம். அதனால் அன்று குரல் போகாத இடத்துக்கு மின்னஞ்சல் தாமதமாகவாவது போய்ச் சேர்ந்தது. காத்திருக்கத் தெரிந்தது பிழைத்தது. குரலைத் தடுத்தது கொடுமை என்று தோன்றலாம். ஆனால் தடுக்காமல் விட்டிருந்தால், இடம் கேட்டு வரும் செய்திகளே டவரை மூழ்கடித்திருக்கும். இடிபாட்டுக்குள் இருந்து வரும் அவசர அழைப்பும் அந்தக் கூட்டத்தில் சிக்கியிருக்கும்.

தடுப்பது எப்படி என்பதுதான் ஆச்சரியம். உங்கள் சிம்மில் 0 முதல் 9 வரை ஏதோ ஓர் இலக்கம் எழுதியிருக்கிறது. பெரும்பாலும் சிம்முக்குள் இருக்கும் சந்தாதாரர் எண்ணின் கடைசி இலக்கமேதான் அது. காவல்துறை போன்ற பாதுகாப்புப் பணி, குடிநீர் மாதிரியான பொதுச் சேவைகள், அவசர சேவைகள் ஆகியவற்றில் இருப்பவர்களுக்கு அதோடு கூட 12, 13, 14 என்று சிறப்பு எண்களும் தரலாம். கூட்டம் அளவு மீறும்போது டவர் காற்றில் ஒரே ஓர் அறிவிப்பை விடும். பழைய நெட்வொர்க்கில், இன்னின்ன இலக்கக்காரர்கள் இப்போது பேச முயற்சிக்க வேண்டாம் என்று. எல்டிஇயில் இன்னும் நுணுக்கம்: சாதாரண போன் ஒவ்வொன்றும் தனக்குள் 0-க்கும் 1-க்கும் நடுவே ஓர் எண்ணைக் குத்துமதிப்பாக எடுத்துப் பார்க்க வேண்டும். டவர் சொன்ன அளவுக்குக் கீழே விழுந்தால் கதவைத் தட்டலாம். மேலே விழுந்தால் சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு, அப்புறம் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்.

ரம்ஜீயின் காசு இப்போது டவரில் இல்லை, உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. திருவிழாக் கூட்டத்தில் நாலு கோடும் முழுசாகத் தெரிகிற போனைத் தூக்கிக் காட்டி, ‘சிக்னல் ஃபுல்லா இருக்குப்பா, ஏன் போகமாட்டேங்குது?’ என்று ஒருவர் கேட்கும்போது, அவருடைய போன் டவரிடம் இடம் கேட்டே இருக்காது. உள்ளுக்குள் காசைச் சுண்டிவிட்டு, பூ விழுந்ததால் பேசாமல் இருக்கிறது.